29 டாலர் மகரந்தப் பெட்டியும் என் ஐரிஸ் பாத்தியும்

கையால் மகரந்தச் சேர்க்கை செய்யத் தேவையான எல்லாம் ஒரே பெட்டியில் என்று ஆன்லைனில் விற்கும் செட் ஒன்றை இந்த வசந்தத்துக்காக வாங்கினேன். விலை 29 டாலர், அனுப்பும் செலவு தனி. பூசணி, தக்காளி, வெனிலா, ஆர்க்கிட், ஐரிஸ் என்று மூடியில் ஐந்து படம் போட்டிருந்தார்கள். எனக்கு வேண்டியது ஐந்தாவது படமான ஐரிஸ் மட்டும், கிழங்கிலிருந்து வளரும் ஒரு பூச்செடி. அதனால் இந்த மதிப்பீடு பெரும்பாலும் ஐரிஸ் வைத்திருப்பவர்களுக்கானது. காய்கறிக்காக வாங்க நினைப்பவர்களுக்குக் கடைசியில் கொஞ்சம் சொல்கிறேன்.

நாங்கள் இருப்பது ஒரிகன் மாநிலத்தில் ஹில்ஸ்பரோ. இன்டெல் புண்ணியத்தில் தமிழ்க் குடும்பங்கள் நிறைய உள்ள ஊர். குளிர்காலம் முழுக்க மழை, கோடையில் சொட்டு மழை கிடையாது. இதழில் தாடி போல மயிர் உள்ள தாடி ஐரிஸுக்கு இதைவிடத் தோதான பருவம் வேண்டியதில்லை. காரில் ஒரு மணி நேரம் தெற்கே போனால் சேலம். நம்ம மாம்பழச் சேலம் இல்லை, ஒரிகன் மாநிலத்தின் தலைநகர். அங்கே ஷ்ரைனர்ஸ் என்ற ஐரிஸ் பண்ணை இருக்கிறது. 1925-ல் மினசோட்டாவில் ஒரு குடும்பம் ஆரம்பித்து, 1940-களில் ஒரிகனுக்கு இடம் மாற்றியது. மே மாதம் அவர்களுடைய 10 ஏக்கர் காட்சித் தோட்டத்தைத் திறந்துவிடுவார்கள். பிடித்த பூவின் பெயரைக் குறித்துக்கொடுத்தால் கோடையில் கிழங்கு வீட்டுக்கு வந்துவிடும். என் பாத்தியில் பாதி அப்படி வந்ததுதான். மீதி, பக்கத்து வீட்டு அம்மாள் தன் ஐரிஸ் புதரைப் பிரித்து நட்டபோது வேலிக்கு மேலே நீட்டியது.

இதில் எதற்கு மகரந்தச் சேர்க்கை, கிழங்கைப் பிரித்து நட்டாலே பெருகுமே என்று கேட்கலாம். பெருகும். ஆனால் அதே பூதான் வரும். விதையிலிருந்து வரும் செடி தாயைப் போலவும் இருக்காது, தகப்பனைப் போலவும் இருக்காது. இதுவரை யாரும் பார்க்காத ஒரு பூ நம் பாத்தியில் பூக்கலாம். அந்த ஆசைதான் காரணம், வேறொன்றும் இல்லை. நிலக்கோட்டையில் மல்லிகைத் தோட்டத்தில் வளர்ந்த என் அம்மாவுக்கு இது இன்னும் புரியவில்லை. வீடியோ காலில் காய் பிடித்ததைக் காட்டினேன்.

"அட, வெண்டைக்காய் முத்துன மாதிரி இருக்கே. கூட்டு வைக்கலாமா?"

"வேண்டாம்மா, விஷம்."

"சாப்பிடவும் முடியாது, தலையில வைக்கவும் முடியாது. அப்புறம் எதுக்குடி?"

சரி, பெட்டிக்கு வருவோம். உள்ளே இருந்தவை: மயிர்த் தூரிகை இரண்டு, பேட்டரியில் அதிரும் குச்சி ஒன்று, ட்வீசர் இரண்டு, சின்னக் கத்தரிக்கோல், 10 மடங்கு பெரிதாக்கும் லென்ஸ், நூல் கோத்த காகித அட்டைகள், மார்க்கர் பேனா, சிலிக்கா ஜெல்லோடு சின்ன பிளாஸ்டிக் குப்பிகள், ஆர்கன்சா பைகள், ஒரு பக்க வழிமுறைத் தாள்.

முதலில் அந்தத் தாளைத் திட்டிவிடுகிறேன். "தூரிகையால் ஒரு பூவின் மகரந்தத்தை எடுத்து, இன்னொரு பூவின் நடுவில் தடவவும்" என்று ஐந்து செடிக்கும் ஒரே வரி. ஐரிஸின் நடுவில் தடவினால் ஒன்றும் நடக்காது, ஏனென்றால் மகரந்தத்தை வாங்கிக்கொள்ளும் சூல்முடி அங்கே இல்லை. இந்தப் பூவின் அமைப்பே வேறு. மேலே நிமிர்ந்து குவிந்த மூன்று இதழ், கீழே மடிந்து தொங்கும் மூன்று இதழ். தொங்கும் ஒவ்வொரு இதழின் முதுகிலும் கம்பளிப்புழு படுத்திருப்பது போலத் தாடி. அந்தத் தாடிக்கு மேலே கூரை போட்டது போல, இதழென்றே நினைக்கத் தோன்றும் ஒரு தகடு வளைந்து நிற்கும். அது இதழ் இல்லை, சூல்தண்டின் கிளை. அதன் அடியில் ஒளிந்திருப்பதுதான் மகரந்தப்பை. தகட்டின் நுனிக்குச் சற்று உள்ளே, அடிப்பக்கத்தில், நகக்கண் அளவுக்கு ஒரு சின்ன உதடு நீட்டிக்கொண்டிருக்கும். மகரந்தம் ஒட்ட வேண்டிய இடம் அந்த உதடு. ஆக ஒரு பூவில் மூன்று கூரை, மூன்று மகரந்தப்பை, மூன்று உதடு.

தேனீ தாடியில் இறங்கி, தேனைத் தேடிக் கூரைக்கு அடியில் நுழையும். நுழையும்போது அதன் முதுகில் இருக்கும் வேறு பூவின் மகரந்தத்தை அந்த உதடு வழித்து வாங்கிக்கொள்ளும். உள்ளே போனதும் இந்தப் பூவின் மகரந்தம் முதுகில் ஒட்டும். திரும்பி வெளியே வரும்போது உதடு எதிர்ப்பக்கம் மடங்கி மூடிக்கொள்வதால், சொந்த மகரந்தம் பெரும்பாலும் ஒட்டாது. எத்தனை முறை லென்ஸ் வைத்துப் பார்த்தாலும் எனக்கு இது அலுப்பதில்லை. கையால் செய்யும்போதும் தேனீ நுழையும் திசையிலேயே, வெளியிலிருந்து உள்நோக்கித் தடவ வேண்டும். இந்த ஒரு வாக்கியத்தை அந்தத் தாளில் அச்சடித்திருந்தால் பாதி விலைக்கு நியாயம் கிடைத்திருக்கும்.

பெட்டியில் உருப்படியான பொருள் என்றால் வளைந்த ட்வீசர். அழுத்தினால் திறக்கும், விட்டால் பிடித்துக்கொள்ளும் வகை. ஐரிஸுக்கு இதுதான் சரி. காலையில் பூ விரிந்த கொஞ்ச நேரத்தில் மகரந்தப்பையின் காம்பைப் பிடித்து முழுசாகப் பிடுங்கி எடுக்கிறோம். பிறகு அதையே ஒரு தூரிகை போல உதட்டில் இழுக்கிறோம். சாதாரண ட்வீசரில் விரல் கொஞ்சம் தளர்ந்தாலும் மகரந்தப்பை புல்லில் விழுந்துவிடும். இதில் அந்தப் பயம் இல்லை. பிடித்தபடியே கீழே வைத்துவிட்டு, வீட்டுக்குள் போய் போனை எடுத்துவிட்டு வந்தாலும் அப்படியே இருக்கும். முனை கூர்மை, இரண்டு நுனியும் சரியாகச் சேர்கின்றன, மழை ஈரத்தில் துருப் பிடிக்கவில்லை. செட்டில் வந்த நேரான ட்வீசரில் நுனி இரண்டும் சேரவே இல்லை. அது இப்போது என் பெண்ணின் மணி கோக்கும் டப்பாவில் இருக்கிறது.

தூரிகை ஐரிஸுக்கு வேண்டாம். ஆகாது என்று சொல்லவில்லை, வேண்டாம் என்கிறேன். மகரந்தம் முழுக்க மயிருக்குள் புகுந்துகொள்ளும், உதட்டில் ஒட்டுவது கொஞ்சம்தான். அதைவிடப் பெரிய தொல்லை, அடுத்த ஜோடிக்குப் போவதற்கு முன் அதை ஸ்பிரிட்டில் கழுவிக் காய வைக்க வேண்டும். இல்லையென்றால் பிறக்கும் செடிக்குத் தகப்பன் யாரென்று கடவுளுக்கே தெரியாது. மகரந்தப்பையையே நேரடியாகப் பயன்படுத்தினால் ஒரு பை ஒரு பூவுக்கு, கதை முடிந்தது.

அதிரும் குச்சி தக்காளிக்கானது. இங்கே அதற்கு வேலையே இல்லை. கத்தரிக்கோலையும் நான் தொடவில்லை. தடவி முடித்ததும் கீழே தொங்கும் மூன்று இதழ்களையும் கையாலேயே கிள்ளி எடுத்துவிடுவேன். தேனீக்கு இறங்கும் மேடை அதுதான். மேடையை எடுத்துவிட்டால் அது பெரும்பாலும் அடுத்த பூவைத் தேடிப் போய்விடும். கவனமாக இருப்பவர்கள் பூ முழுசாக விரியும் முன்பே இதழையும் அதன் சொந்த மகரந்தப்பைகளையும் எடுத்துவிடுவார்கள். தாயாக இருக்கப்போகும் பூவுக்கு அதுதான் நல்லது. இரண்டு மூன்று நாளில் மிச்ச இதழ்களும் வாடிச் சுருண்டுவிடும். மழை நாளென்றால் அந்தக் கூழை உடனே அகற்றிவிடுங்கள், விட்டுவைத்தால் அடியில் இருக்கும், காயாக வேண்டிய சூலகமும் சேர்ந்து அழுகும்.

லென்ஸ் நன்றாக இருக்கிறது. வெள்ளெழுத்து வந்த கண்ணுக்கு அவசியம் என்றே சொல்வேன். உதடு சற்று விரிந்து, ஈரப் பளபளப்போடு இருந்தால் பூ தயார். உலர்ந்து தகட்டோடு ஒட்டிக் கிடந்தால் இன்னும் நேரமாகவில்லை, அல்லது நேரம் தாண்டிவிட்டது. இதை வெறும் கண்ணால் பார்க்க முடிகிற வயதுக்காரர்கள் லென்ஸுக்குக் காசு கொடுக்க வேண்டாம்.

குப்பிகள் நல்ல எண்ணத்தில் வைத்திருக்கிறார்கள். தகப்பன் செடி மே முதல் வாரத்தில் பூத்து, தாய்ச் செடி மாதக் கடைசியில்தான் பூக்கும் என்றால், மகரந்தத்தைச் சேமித்துத்தான் ஆக வேண்டும். உலர்ந்த நிலையில் ஃப்ரிட்ஜில் வைத்தால் அந்தப் பருவத்துக்குத் தாங்கும். ஆனால் பறித்ததும் குப்பியில் போட்டு மூடினால், சிலிக்கா ஜெல் இருந்தாலும் பூஞ்சை வர வாய்ப்பு உண்டு. முதலில் ஒரு நாள் திறந்த கிண்ணத்தில், வெயில் படாத இடத்தில் காய வைத்து, பை வெடித்து மாவு வெளியே வந்த பிறகே மூட வேண்டும். நான் குங்குமச் சிமிழின் மூடியில் காய வைக்கிறேன். இங்கே மே மாதத்தில் எந்த நேரத்திலும் தூறும், நனைந்த மகரந்தம் உதவாது. அதனால் மறுநாள் மழை என்று தெரிந்தால், அன்றைக்கு மாலையே விரியத் தயாராக இருக்கும் மொட்டைப் பிரித்துப் பைகளை எடுத்து உள்ளே கொண்டுவந்துவிடுவேன். மொட்டுக்குள் இருக்கும்வரை தேனீயும் தொட்டிருக்காது. எனக்கு வந்த குப்பிகளில் ஒன்று விரிசலோடு வந்தது. போட்டோ அனுப்பியதும், கேள்வி கேட்காமல் புதிதாக ஒரு கட்டு அனுப்பினார்கள். அந்த வகையில் கடைக்காரர்மேல் குறையில்லை.

இப்போது அட்டைகள். இங்கேதான் இந்தப் பெட்டி என்னை முழுசாக ஏமாற்றியது.

ஐரிஸில் மகரந்தம் தடவும் வேலை பூவுக்கு ஒரு நிமிடம்கூட ஆகாது. அதற்குப் பிறகு நடப்பதெல்லாம் காத்திருப்பு. பிடித்ததா இல்லையா என்பது ஒன்றிரண்டு வாரத்தில் தெரியும். பிடித்தால் பூவுக்குக் கீழே இருக்கும் பச்சைச் சூலகம் பருக்கும், பிடிக்காவிட்டால் மஞ்சளாகி உதிரும். காய் முற்ற ஏறத்தாழ இரண்டு மாதம். விதையை இலையுதிர் காலத்தில் விதைத்தால் முளைப்பது அடுத்த வசந்தத்தில். சில விதைகள் அடம்பிடித்து அதற்கும் அடுத்த வசந்தத்தில் முளைக்கும். முளைத்த செடி பூக்க இன்னும் ஒன்று, இரண்டு வருடம். இத்தனை காலமும் இது யாருக்குப் பிறந்தது என்ற விவரத்தைச் சுமந்து நிற்க வேண்டியது அந்த ஒரு அட்டை. தாயின் பெயர் முதலில், பெருக்கல் குறி, பிறகு தகப்பன் பெயர், தேதி. உலகம் முழுக்க ஐரிஸ்காரர்கள் எழுதும் முறை இதுதான். அமெரிக்க ஐரிஸ் சங்கம் 1920-ல் தொடங்கியது. கிழங்குவகை ஐரிஸ் எங்கே உருவானாலும் பெயரைப் பதிவு செய்வது அவர்களிடம்தான். அவர்களுடைய பதிவேட்டிலும் பெற்றோர் விவரத்தை இதே வரிசையில்தான் பார்க்கலாம்.

அப்படிப்பட்ட வேலைக்கு இவர்கள் கொடுத்திருப்பது நகைக்கடையில் விலை கட்டும் காகிதத் துண்டு. ஒரு வார மழையில் ஊறிப் பிய்ந்தது. மார்க்கர் எழுத்து ஜூலை வெயிலில் வெளிறி, எது "பி", எது "டி" என்று சந்தேகம் வந்துவிட்டது. பருத்தி நூல் இற்றுப்போனது. நல்ல வேளையாக எல்லாவற்றையும் நோட்டில், எந்தச் செடி, எத்தனையாவது கணு என்று எழுதி வைத்திருந்தேன். இது நோட்டு வைத்திருந்தவளின் கதை. பெட்டியை மட்டும் நம்பியவர்களின் கதி என்ன?

பக்கத்து வீட்டு அம்மாள் எப்படிச் செய்கிறார் என்று பாருங்கள். ஜன்னலில் இருந்து கழற்றிப் போட்ட பழைய பிளாஸ்டிக் திரையின் பட்டைகளை விரல் நீளத்துக்கு வெட்டி, ஒரு துளை போட்டு, ரொட்டிப் பாக்கெட் கட்டி வரும் கம்பியால் காம்பில் தளர்வாக மாட்டிவிடுகிறார். எழுதுவது சாதாரணப் பென்சிலால். பென்சில் கரி வெயிலில் வெளிறாது, மழையில் கரையாது. அவர் வீட்டுத் தொட்டிகளில் இருக்கும் பழைய பட்டைகளை இன்றைக்கும் படிக்க முடிகிறது. மகரந்தம் தடவுவதற்கு அவர் வைத்திருப்பதும் புருவம் திருத்தும் ட்வீசர்தான். மொத்தச் செலவு பூஜ்யம். நானும் இப்போது அவர் வழிதான். இன்னும் உறுதியாக வேண்டுமென்றால் மெல்லிய அலுமினியத் தகட்டு அட்டை கிடைக்கிறது. பால்பாயின்ட் பேனாவால் அழுத்தி எழுதினால் மை போனாலும் பள்ளம் நிற்கும்.

ஆர்கன்சா பை எது தெரியுமா? வளைகாப்பில் மஞ்சள் குங்குமமும் வெற்றிலை பாக்கும் போட்டுக் கொடுக்கிறோமே, அதே ஜிகினாப் பை. இது நன்றாகவே உதவியது, ஆனால் தாளில் சொன்ன வேலைக்கு இல்லை. பூவை மூடித் தேனீயைத் தடுக்கவும் என்கிறார்கள். ஐரிஸ் பூவின் அகலத்துக்கு இந்தப் பை பத்தாது, திணித்தால் இதழ் கசங்கி ஈரம் தங்கும். ஜூலை கடைசியில் காய் பழுப்பாகும்போது மாட்டுங்கள். முற்றிய காய் நுனியிலிருந்து மூன்று பிளவாக வெடித்து விதையைச் சிதறவிடும், நாம் ஊருக்குப் போயிருக்கும் வாரமாகப் பார்த்துத்தான் வெடிக்கும். பை இருந்தால் விதை உள்ளேயே விழும், காற்றும் போய்வரும். காய் கனக்கும் தண்டுக்கு ஒரு மூங்கில் குச்சி நட்டுக் கட்டிவிட்டால் சாயாது.

வழிமுறைத் தாளில் இல்லாத, ஆனால் கட்டாயம் இருக்க வேண்டிய விஷயம் ஒன்று உண்டு: எதை எதோடு சேர்க்கலாம் என்பது. இன்றைய உயரமான தாடி ஐரிஸ்களுக்குப் பொதுவாக 48 குரோமோசோம். முழங்காலுக்கும் கீழே நிற்கும் குட்டை வகைக்கு 40. இரண்டையும் சேர்த்தால் காய் பிடிக்கலாம், நடுத்தர உயரத்தில் அழகான செடிகளும் வரலாம். ஆனால் 44 குரோமோசோமோடு பிறக்கும் அந்தப் பிள்ளைகள் பெரும்பாலும் மலடு, வம்சம் அங்கேயே நின்றுவிடும். அதனால் முதலில் உயரத்தோடு உயரத்தைச் சேர்ப்பதே நல்லது. நிறத்திலும் கணக்கு இருக்கிறது. ஐரிஸின் இளஞ்சிவப்புக்குக் காரணம் லைக்கோபீன், தக்காளியைச் சிவப்பாக்கும் அதே நிறமி. இந்தப் பண்பு ஒடுங்கியது, அதாவது மற்றப் பண்புக்கு அடங்கி மறைந்துகொள்ளும். உயரமான தாடி ஐரிஸில் ஒவ்வொரு மரபணுவும் நான்கு பிரதியாக இருக்கும், நான்கும் இளஞ்சிவப்புக்கானதாக வந்தால்தான் வெளியே தெரியும். என் பாத்தியில் பெவர்லி சில்ஸ் இருக்கிறது, ஐரிஸுக்கான உயரிய விருதான டைக்ஸ் பதக்கத்தை 1985-ல் வாங்கிய இளஞ்சிவப்பு. பக்கத்திலேயே ஷ்ரைனர்ஸ் உருவாக்கி 1992-ல் அதே பதக்கம் வாங்கிய டஸ்கி சேலஞ்சர், கரு ஊதா. இந்த மாதிரி ஜோடியைப் பார்த்தால் கை துறுதுறுக்கும். ஆனால் ஊதாவிடம் அந்த இளஞ்சிவப்புப் பண்பு மறைந்துகூட இல்லையென்றால், முதல் தலைமுறையில் ஒன்றுகூட இளஞ்சிவப்பாக வராது. அந்தப் பிள்ளைகளைத் தங்களுக்குள் சேர்த்தால் அடுத்த தலைமுறையில் 36-க்கு ஒன்று என்பது ஏட்டுக் கணக்கு. ஒவ்வொரு தலைமுறைக்கும் மூன்று வருடம் என்று வைத்துப் பாருங்கள். இளஞ்சிவப்புதான் வேண்டும் என்பவர்கள் இளஞ்சிவப்போடு இளஞ்சிவப்பையே சேர்த்துவிடலாம்.

விதை விதைப்பதற்கு எந்தப் பெட்டியும் வேண்டாம். அக்டோபரில் தொட்டியில் விதைத்து, அணில் தோண்டாமல் மேலே கம்பி வலை போட்டு, வெளியே வைத்துவிட்டால் போதும். மழையும் குளிரும் மிச்சத்தைப் பார்த்துக்கொள்ளும். குளிர் படாமல் இந்த விதை எளிதில் விழிக்காது. செடிக்கும் அப்படித்தான், குளிர்காலம் வேண்டும். அதனால் மதுரையிலும் சென்னையிலும் இருக்கும் என் சொந்தங்கள் கிழங்கு கேட்கும்போது, மாடித்தோட்டத்தில் வைத்தால் இலைதான் வரும் என்று சொல்லிவிடுகிறேன். வீட்டில் நாய், பூனை இருப்பவர்கள் கிழங்கைக் கடிக்க விடாதீர்கள். சாறு பட்டால் சிலருக்குக் கையும் அரிக்கும்.

ஐரிஸுக்காக இந்த செட்டை வாங்கலாமா என்றால், வேண்டாம். அழுத்தினால் திறக்கும் ட்வீசர் தனியாக ஆறேழு டாலருக்குக் கிடைக்கிறது. அதோடு பென்சிலும் பழைய ஜன்னல் பட்டையும் போதும். ஐந்துக்கு இரண்டு நட்சத்திரம். அதிலும் ஒன்று ட்வீசருக்கு, இன்னொன்று குப்பியை மாற்றிக் கொடுத்த மரியாதைக்கு.

காய்கறிக்காரர்களுக்கு: பூசணி, சுரை, பீர்க்கங்காய்க்கு இதில் எதுவுமே வேண்டாம். ஆண் பூவைப் பறித்து, இதழை உரித்துவிட்டு, பெண் பூவில் தேய்த்தால் ஆயிற்று. பூசணிக்குக் காலையில், பீர்க்குக்கு மாலையில், அது பூப்பதே அந்த நேரத்தில்தான். தக்காளிக்கும் கத்தரிக்கும் அந்த அதிரும் குச்சி உண்மையிலேயே வேலை செய்கிறது. பூவின் காம்பில் ஒரு நொடி வைத்தால் மகரந்தம் புகையாய் உதிர்வது தெரிகிறது. கண்ணாடி வீட்டில், வலைக்குள் தக்காளி வளர்ப்பவர்கள் அதை மட்டும் தனியாக வாங்கலாம். பழைய எலெக்ட்ரிக் பல்துலக்கி வீட்டில் இருந்தால் அதுவும் தேவையில்லை.